தெருச் சாக்கடையை மக்களே வடிவமைக்க முடியுமா? கேள்வி பதில்

பொதுச் சேவைகளை அரசும் மக்களும் சேர்ந்து உருவாக்குவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கழிவுநீர் சார்ந்தவை. இந்த யோசனை கடுமையாகச் சோதிக்கப்பட்டது அங்கேதான்.

கே: கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் போதாதா?

கூட்டம் நடக்கும் நாளில் எது இன்னும் முடிவாகாமல் இருக்கிறது என்று பாருங்கள். வரைபடமும் மதிப்பீடும் தயாரான பிறகு கூப்பிட்டால், வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

பிரேசிலின் நடால் நகரில் 1980களின் தொடக்கத்தில் ஜோசே கார்லோஸ் டி மெலோ என்ற பொறியாளரின் முயற்சியில் வேறு வழி பிறந்தது. குழாய் கொல்லைப்புறமாகப் போகலாம், முன்வாசல் வழியாகப் போகலாம், நடைபாதை ஓரமாகவும் போகலாம். எது வேண்டும் என்பதை அந்தந்த வீட்டுத் தொகுதிக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கொல்லை வழி என்றால் குழாயின் நீளமும் ஆழமும் குறையும், செலவும் குறையும். ஆனால் அடைப்பு வந்தால் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. எதைத் தேர்ந்தால் என்ன விலை, யார் பராமரிப்பது என்று முன்கூட்டியே தெரிந்த தேர்வு அது.

கே: இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசியல் அறிஞர் எலினர் ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் 1970களில் அமெரிக்க நகரங்களின் காவல் துறைகளை ஆராய்ந்தார்கள். துறை பெரிதானால் சேவை சிறக்கும் என்ற நம்பிக்கையைக் களத்தில் கண்டது உறுதிப்படுத்தவில்லை. அக்கம்பக்கத்தார் கண்காணித்துத் தகவல் சொல்லாமல் காவலரால் மட்டும் பாதுகாப்பை உண்டாக்க முடியாது என்றும் தெளிவானது. பொதுவள மேலாண்மை ஆய்வுக்காக 2009இல் அவர் பொருளாதார நோபல் பெற்றார்.

கே: ஏழைகள் வாழும் பகுதியில் இது நடக்குமா? தொழில்நுட்பம் தெரியாதவர்கள் எதை வடிவமைப்பார்கள்?

கராச்சியின் வடமேற்கே உள்ள ஒராங்கியைப் பாருங்கள். முறையான அனுமதியின்றி வளர்ந்த மிகப் பெரிய குடியிருப்பு. சமூக மேம்பாட்டுப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980இல் அங்கே ஒராங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். வந்தவுடன் அவர் குழி தோண்டவில்லை. தெருத்தெருவாக நடந்து பேச்சுக்கொடுத்தார். நான்கு தடைகள் தெரிந்தன: சாக்கடையை அரசு இலவசமாகப் போட்டுத்தரும் என்ற எதிர்பார்ப்பு, கட்டுப்படியாகாத செலவு, தொழில்நுட்ப அறிவு இல்லாமை, சேர்ந்து செயல்பட அமைப்பு இல்லாமை.

இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அலகு. சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் கேட்ட பிறகே திட்டக்காரர்கள் வந்து மட்டம் பார்த்து, வரைபடமும் மதிப்பீடும் போட்டுத் தருவார்கள். பணத்தை வசூலிப்பதும் வைத்துக்கொள்வதும் வேலையை நடத்துவதும் சந்துக்காரர்களே. திட்டம் அந்தப் பணத்தைத் தொடாது. நம்பிக்கை அந்த இடத்தில்தான் பிறந்தது என்பது என் கணிப்பு. வடிவமைப்பை எளிமையாக்கி, ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் குழிகளுக்கு (மேன்ஹோல்) இரும்பு அச்சுகளைக் கொடுத்து, ஒப்பந்தக்காரர் லாபத்தையும் விலக்கியதால் செலவு அரசு மதிப்பீட்டில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. காலப்போக்கில் 90,000க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி இணைந்தன.

தொழில்நுட்பம் தெரியாதவர்கள் எதை வடிவமைப்பார்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மட்டம் பார்ப்பது தொழில்நுட்பரின் வேலை. மழைக்காலத்தில் எந்த வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும், யார் எத்தனை தவணையில் பணம் தர முடியும் என்பதெல்லாம் சந்துக்காரருக்கே தெரியும். இரண்டும் ஒரே வரைபடத்தில் சேர வேண்டும்.

கே: அப்படியானால் அரசு கைகழுவிவிடாதா? வரியும் கட்டி, வேலையும் நாமே செய்ய வேண்டுமா?

நியாயமான கோபம். ஒராங்கியில் இதற்காகவே ஒரு கோடு கிழித்தார்கள். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், அதை அடுத்த இணைப்புக் குழாய்வரை மக்கள் பங்கு. பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பங்கு. தொடக்கத்தில் அரசு தன் பங்கைச் செய்யாததால், சந்துக் குழாய்களின் கழிவு இயற்கை ஓடைகளில்தான் விழுந்தது. மக்கள் உழைப்பால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது.

பிறகு திட்டக்காரர்கள் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து குடியிருப்புகளையும் ஓடைகளையும் வரைபடமாக்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சியோடு வாதாடினார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். நில ஆக்கிரமிப்பையும் தண்ணீர்த் திருட்டையும் ஆவணப்படுத்தியவர். மக்கள் பங்கேற்பை ஆபத்தில்லாத மென்மையான விஷயமாகப் பேசுபவர்கள் அவரை நினைக்க வேண்டும்.

கே: எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் சொல்வதுதான் முடிவு. என்ன செய்வது?

சாதியும் பணமும் கூட்டத்துக்கு வெளியே நின்றுவிடாது. அலகைச் சிறிதாக்குங்கள், கணக்கைச் சுவரில் எழுதுங்கள், பெண்களைத் தனியாகவும் சந்தியுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு தெரு ஒதுக்கப்பட்டால் அரசு நேரடியாகத் தலையிட்டே ஆக வேண்டும்.

கே: நம் ‘நமக்கு நாமே’ திட்டமும் இதுதானே?

பாதி. மக்கள் ஒரு பகுதிப் பணம் போட, மீதியை அரசு போடுகிறது. அந்தப் பணத்தோடு வடிவமைப்பில் சொல்லுரிமையும் வந்தால்தான் முழுமை.

கே: நகராட்சிப் பொறியாளர் நான். நிதியாண்டுக்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் ஏது?

எல்லா வார்டிலும் தொடங்காதீர்கள். ஒரு தெருவை எடுங்கள். மதிப்பீடு போடும் முன், அந்தத் தெருக்காரர் இரண்டு பேரோடு மழை பெய்யும்போது ஒருமுறை நடந்து பாருங்கள். பிறகு இரண்டு மாற்று வரைபடங்கள், ஒவ்வொன்றுக்கும் செலவு, அடைப்பு எடுப்பது யார் என்ற விவரம் — இவற்றைத் தமிழில் எழுதி அவர்கள் முன் வையுங்கள். எதைத் தேர்ந்தாலும் பெருங்குழாயோடு இணைப்பது நகராட்சியின் வேலை என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.