பிளாங்க் செய்தால் நாரி நோகிறதே, டொக்டர்?

கேள்வி: வயது 34. கிளிநொச்சிப் பக்கம் உழவு மெசின் ஓட்டுகிறேன். நாரிப்பிடிப்புக்கு நல்லது என்று போனில் பார்த்து ஒரு மாதமாக பிளாங்க் (குப்புற, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிக்கிற பயிற்சி) செய்கிறேன். இப்போது இரண்டு நிமிடம் நிற்பேன். ஆனால் எழும்பினால் நாரி முன்னையைவிட நோகிறது. விட்டுவிடவா?

பதில்: தம்பி, பிளாங்கை விட வேண்டாம், அந்த இரண்டு நிமிடத்தை விடுங்கள். வயிற்றுத் தசை களைத்த பிறகும் விழாமல் நிற்கிறீர்கள் என்றால் பாரம் நாரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இடுப்பு மெல்ல மெல்லத் தொய்யும், செய்கிறவருக்கே அது தெரியாது. வீட்டில் யாரையாவது விளக்குமாற்றுத் தடியை முதுகில் நீளவாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, பிட்டம் மூன்றிலும் தடி முட்ட வேண்டும். நாரிக்கும் தடிக்கும் இடையில் உள்ளங்கை நுழைந்தால் சரி, பொத்திய கையே புகுந்தால் அன்றைக்கு அது போதும்.

உங்களுக்கு நான் சொல்வது பக்கவாட்டுப் பிளாங்க். நாள் முழுக்க சீற்றில் குலுங்கிக்கொண்டு, கலப்பையைப் பார்க்க ஒரே பக்கமாகத் திரும்புகிற ஆளுக்கு இடுப்பின் இரு பக்கத் தசைகளும் உரமாக இருக்க வேண்டும். பாயில் ஒரு பக்கமாகச் சரிந்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, முழங்கால்களை மடித்தபடி இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வரட்டும். 10 விநாடி, பிறகு இறக்குங்கள். ஒவ்வொரு பக்கமும் 6 தடவை, கொஞ்சம் ஆறி 4, அப்புறம் 2. முதுகுத்தண்டை ஆராய்ந்த கனடாப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் தெரிந்தெடுத்த மூன்று பயிற்சிகளில் இதுவும் ஒன்று, அவர் சொல்வதும் இந்தக் குறுகிய நேரம்தான். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் பிரஷர் ஏறும். பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே செய்யுங்கள்.

நோ காலுக்கு இறங்கினால், கால் விறைத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சலம் போகக் கஷ்டம், பிட்டமும் தொடை இடுக்கும் மரத்த மாதிரி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரை வைக்கக் கூடாது.

இன்னொன்று, எங்கள் ஆட்கள் எழுத மறக்கிற விஷயம். யுத்த நேரம், 2009இலோ அதற்கு முன்போ, பட்ட செல் குண்டின் துண்டு ஏதும் உடம்பில் கிடக்கிறதா? "வேறு வருத்தம் ஒன்றும் இல்லை" என்பார்கள், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், கேட்டால் "ஓ, அது பழசு டொக்டர்". உங்களுக்கும் இருந்தால் முதலில் ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டுப் பாயை விரியுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், அந்த அறைக்குள் போக முன்பே சொல்லிவிடுங்கள், உள்ளே இருக்கிற இரும்பை அந்த மெசினின் காந்தம் அசைத்துவிடலாம்.