மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய், குறையாத எடை

கேள்வி: எனக்கு வயது 46. தஞ்சாவூரில் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகனோடு இருக்கிறேன். எடை 72 கிலோ. பத்து கிலோவாவது குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கணவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம், மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதத்துக்கு முன் ரீஃபைண்ட் எண்ணெயை நிறுத்திவிட்டு, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பொரியலுக்குத் தேங்காய் எண்ணெய் என்று மாறினோம். மாதம் ஐந்து லிட்டர் ஆகிறது, நெய் அரைக் கிலோ தனி. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. இப்போது மகன் ஆலிவ் ஆயில் வாங்கி வந்து வைத்திருக்கிறான். எந்த எண்ணெய்க்கு மாறினால் எடை குறையும்?

பதில்: எந்த எண்ணெய்க்கு மாறினாலும் குறையாது. முதலிலேயே இப்படிச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் எடை ஒன்று, கணவரின் கொலஸ்ட்ரால் இன்னொன்று. எண்ணெயின் வகை பெரும்பாலும் அவர் விஷயம். எண்ணெயின் அளவுதான் உங்கள் விஷயம்.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, ஆலிவ், பாமாயில், நெய் என எதை எடுத்தாலும் ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் அது மாறாது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெய் ஏறக்குறைய நாலரை கிராம், 40 கலோரி. வெண்ணெயில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருப்பதால் சற்றுக் குறையும். அதை உருக்கி நெய்யாக்கினால் அந்தச் சலுகையும் போய்விடும்.

இனி உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். ஐந்து லிட்டரோடு அரைக் கிலோ நெய்யையும் சேர்த்தால் மாதம் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 42 கிராம், ஏறக்குறைய 380 கலோரி. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கொட்டுகிற வழக்கம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளைக்கு 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். எடை குறைக்க நினைக்கும் நீங்கள் 1,500 கலோரி அளவில்தான் சாப்பிட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு 20 கிராம் போதும். நாலரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது உள்ளே போவதற்கும் இதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரு நாளைக்கு 200 கலோரி. மூன்று நான்கு இட்லிக்குச் சமம். தட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகிற இட்லிகள் இவை.

செக்கு எண்ணெய்க்கு மாறிய வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. உடம்புக்கு நல்லது என்று மனசில் பட்டதும் கை தாராளமாகிவிடுகிறது. ரீஃபைண்ட் எண்ணெயைப் பயந்து பயந்து விட்டவர்கள் செக்கு நல்லெண்ணெயைக் குழம்பின் மேல் மிதக்க மிதக்க விடுவார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன் மாதம் எத்தனை லிட்டர் ஆனது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எங்கே குறைப்பது? முதலில் உங்கள் எண்ணெய்க் கரண்டியை அளந்து பாருங்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா எல்லாவற்றுக்கும் “ஒரு கரண்டிதான் விடுவேன்” என்றார். அடுத்த முறை அந்தக் கரண்டியையே கொண்டுவரச் சொன்னேன். அளவு ஸ்பூனால் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது ஆறு டீஸ்பூன் பிடித்தது. ஒரு பொரியலுக்கு ஒரு கரண்டி, குழம்புக்கு ஒரு கரண்டி என்றால் பன்னிரண்டு டீஸ்பூன்! பாக்கெட்டிலிருந்து நேராக வாணலியில் சாய்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் கிடையாது. காலையில் நால்வருக்கும் சேர்த்து அன்றைய எண்ணெயை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். 100 மில்லி இருந்தால் போதும். சாயங்காலம் கிண்ணம் காலியாகிவிட்டால் ராத்திரிக்கு இட்லியோ இடியாப்பமோ ஆவியில் வேகிற ஏதாவது ஒன்று. இது முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

இட்லி என்றதும் ஞாபகம் வருகிறது. “காலையில் எண்ணெயே சேர்ப்பதில்லை, இட்லிதான்” என்பார்கள். தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டால் பொடி. பொடியில் குழி பறித்து நல்லெண்ணெயை விட்டுக் குழைத்தால் சுலபமாக மூன்று டீஸ்பூன், 120 கலோரி போய்விடும். இட்லிக்கு ஒட்டுகிற அளவுக்குப் பொடியைத் தயிரில் குழைத்துப் பாருங்கள், மோசமில்லை. நல்லெண்ணெய்தான் வேண்டும் என்றால் ஒரு டீஸ்பூனை அளந்து விட்டுக்கொள்ளுங்கள். தோசைக்குச் சுற்றிலும் எண்ணெய் விடுவதற்குப் பதில், பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்க்கிற பழைய முறையே போதும். நன்றாகப் பழகிய இரும்புக் கல் என்றால் அதுவே மொறுமொறுவென்று எடுத்துக் கொடுக்கும்.

கத்திரிக்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பஞ்சு மாதிரி. வாணலியில் எவ்வளவு விட்டாலும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். உள்ளே இருக்கும் காற்றுப் பைகள்தான் காரணம். நறுக்கிய துண்டுகளை உப்புப் பிசறி ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்தால் அந்தப் பைகள் அமுங்கிவிடும். அப்புறம் வதக்கினால் பாதி எண்ணெய்கூட ஆகாது. உருளைக்கிழங்கையும் முக்கால் வேக்காடு வேகவைத்துவிட்டு வறுங்கள். அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடலாம். வடை, பூரி போட்டால் போடுவதற்கு முன்னும் பின்னும் சட்டியிலிருக்கும் எண்ணெயை அளந்து பாருங்கள். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் அன்றைக்குச் சாப்பிட்டதுதான். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். மிஞ்சியதை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிக்கவோ குழம்புக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். அதிலேயே புது எண்ணெயை ஊற்றி மறுபடி பொரிக்காதீர்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கவே கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. கடைகளில் இதை அளக்கக் கருவி உண்டு. நம் வீட்டில் இல்லை. நிறம் கறுத்து, நுரை கட்டி, சட்டென்று புகைந்தால் அதுதான் அடையாளம்.

எண்ணெயை அடியோடு நிறுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். முருங்கைக்கீரையில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேர்வதற்கே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்களும் எண்ணெயிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. எண்ணெயே இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி கணவருக்கு. அவருக்கு எண்ணெயின் வகை முக்கியம், ஏனென்றால் நிறைகொழுப்புதான் (சாச்சுரேட்டட் ஃபேட்) கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ நிறைகொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. அதே டீஸ்பூன் ரேஷன் கடைப் பாமாயிலில் இரண்டு கிராம் அளவு, நெய்யில் மூன்று அளவு, தேங்காய் எண்ணெயில் நான்கு. மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். அதில் பால், தயிர், தேங்காய்ச் சட்னி எல்லாம் அடங்க வேண்டும். தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலோடு நல்ல கொலஸ்ட்ராலையும் ஏற்றுகிறது என்று வாட்ஸப்பில் வருவது உண்மைதான். ஆனால் அதனால் மாரடைப்பு குறைகிறது என்று யாரும் காட்டிவிடவில்லை. ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர் அதைத் தினசரி எண்ணெயாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். அவியலில் கடைசியாக ஒரு டீஸ்பூன் விடுவதைத் தடுக்கவும் மாட்டேன்.

எனவே உங்கள் வீட்டுக்கு என் யோசனை இதுதான். வதக்கவும் பொரிக்கவும் கடலை எண்ணெய். அதில் பாதியளவு ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றாத வகை, சூட்டையும் தாங்கும். தோசை, புளிக்குழம்பு, ஊறுகாய்க்கு நல்லெண்ணெய். எள்ளிலேயே இருக்கும் சிசாமின், சிசாமோலின் போன்ற பொருட்கள் அதைச் சீக்கிரம் கெடாமல் காக்கின்றன. சூரியகாந்தி எண்ணெய் விஷம் என்று பரவுகிற பேச்சை நம்ப வேண்டாம். பாலிஅன்சாச்சுரேட்டட் கொழுப்பு மிகுந்த எண்ணெய் அது, கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். நீண்ட நேரம் பொரிக்கத்தான் அவ்வளவு பொருந்தாது. பாக்கெட்டில் “கொலஸ்ட்ரால் இல்லை” என்று இதயப் படம் போட்டிருப்பதைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. வனஸ்பதி மட்டும் வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் கெட்ட கொழுப்பு) 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்து நிலைமை பரவாயில்லை என்றாலும், அதில் நிறைகொழுப்பு குறைந்துவிடவில்லை. மகன் சாயங்காலம் சாப்பிடும் பஃப்ஸில் பெரும்பாலும் இருப்பது அந்த வகைதான்.

செக்கு எண்ணெயில் ஒரு எச்சரிக்கை. கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு சேரும், அது ஈரலுக்குக் கெடுதல். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும். செக்கில் ஆட்டி வடிகட்டிய எண்ணெயில் தங்கிவிடும். அதனால் ஆட்டுகிற இடத்தில் மூட்டையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுருங்கின, கறுத்த, பூசணம் பிடித்த கடலை கண்ணில் பட்டால் வேறு இடம் பாருங்கள். ஒரே தடவையில் ஐந்து லிட்டர் வாங்கி அடுப்புப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம். சூட்டிலும் வெளிச்சத்திலும் காறல் வாடை வந்துவிடும்.

அப்புறம், எண்ணெய்க் கணக்கில் வராத கொழுப்பு. நீங்கள் பாலைப் பற்றி எழுதவில்லை. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு, நீல பாக்கெட்டில் 3. ஆரஞ்சில் நாளைக்கு அரை லிட்டர் ஒருவரே காபியாகவும் தயிராகவும் சாப்பிட்டால், நீலத்துக்கு மாறினாலே 15 கிராம் கொழுப்பு, 135 கலோரி மிச்சம். எந்த எண்ணெயை மாற்றியும் இவ்வளவு கிடைக்காது. தேங்காயும் அப்படித்தான், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஒரு மூடியில் 150 கிராம் பருப்பு இருந்தால் 50 கிராம் கொழுப்பு சட்னியில் இருக்கிறது. பாதித் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலையைக் கூட்டி அரையுங்கள். வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாமியார் தவிர.

அடுத்த மாதம் மளிகைச் சீட்டில் எண்ணெய் மொத்தம் மூன்று லிட்டர், நெய் கால் கிலோ என்று எழுதுங்கள். ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் வரும். நீங்கள் உங்கள் பங்கில் ஒரு டீஸ்பூனைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு உங்கள் எடையையும் அவருடைய ரத்தப் பரிசோதனையையும் பாருங்கள். எண்ணெய் மாறிவிட்டது என்று அவர் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, அது டாக்டர் முடிவு. நெய்யைத் தாளிக்க ஊற்றாமல், சூடான பருப்புச் சாதத்தின் மேல் விடுங்கள். அங்கே அரை டீஸ்பூனுக்கே வாசம் எழும்பும்.

ஆலிவ் ஆயிலைத் தூக்கிப் போட வேண்டாம், நல்ல எண்ணெய்தான். ஆனால் அதன் விலைக்கு நம் கடலை எண்ணெயைவிடப் பெரிதாக எதுவும் உங்களுக்குச் செய்துவிடாது. வெள்ளரிக்காய், தக்காளி நறுக்கி எலுமிச்சை பிழியும்போது ஒரு டீஸ்பூன் விட்டுத் தீர்த்துவிடுங்கள். அதுவும் அந்தக் கிண்ணத்துக் கணக்கில் வரட்டும்.