கிரானைட் படியில் கடைசியாக வந்தது எது?

கேள்வி: புது வீட்டுச் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட்டும் வாசல்படிக்கு வெள்ளைப் புள்ளி கிரானைட்டும் போட்டோம். இரண்டுமே உருகிய பாறைக் குழம்பு இறுகி வந்தவைதானாம். அப்புறம் ஏன் ஒன்றில் மணிகள் பெரிதாகவும் மற்றதில் கண்ணுக்கே தெரியாமலும் இருக்கின்றன?
– வாசகி, திருப்பூர்

பதில்: கடையில் இரண்டையும் கிரானைட் என்றுதான் விற்பார்கள். உங்கள் கறுப்புக் கல் அநேகமாக டாலரைட் என்கிற வேறொரு பாறை. திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளில் மாணவர்களோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பூமியின் விரிசல்களில் ஏறிய குழம்பு அது. சுற்றியிருந்த பாறை சூட்டை இழுத்துக்கொண்டதால் சீக்கிரம் இறுகிவிட்டது. புள்ளிக் கல்லோ பல கிலோமீட்டர் ஆழத்தில் வெகுகாலம் நின்று ஆறியது. பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால்தானே கற்கண்டு கட்டிகட்டியாக வளர்கிறது!

ஆறுவதற்கு ஆகும் காலத்தைக் கண்ணெதிரே காட்டிய இடம் ஹவாயின் கிலாவேயா இகி என்கிற எரிமலைப் பள்ளம். 1959-இல் அந்தப் பள்ளத்தில் 100 மீட்டருக்கும் ஆழமாகக் குழம்பு தேங்கியது. மேலே ஓடு கட்டியதும் விஞ்ஞானிகள் அதன்மேல் ஏறித் துளைபோட்டு மாதிரி எடுத்தார்கள். குழம்பு முழுக்க உறைய 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. எல்லாக் கனிமமும் ஒன்றாக உறையவும் இல்லை. 1200 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே பச்சை ஆலிவின் படிகங்கள் இருந்தன. பிறகு பைராக்சீன், 1160-ஐ ஒட்டி பெல்ஸ்பார், அதற்கும் பிறகுதான் இரும்புத் தாதுக்கள்.

கனிமங்கள் வேறானாலும், இப்படி ஒரு வரிசை உங்கள் வாசல்படியிலும் இருக்கிறது. மேஸ்திரி வெட்டிப்போட்ட துண்டு கிடந்தால் சுத்தியலால் உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் பளிச்சென்று தட்டையாக மின்னுவது பெல்ஸ்பார். ஊசி முனையால் ஏடு ஏடாகப் பெயர்க்க முடிகிற கறுப்பு, பயோடைட் மைக்கா. சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது குவார்ட்ஸ். அதற்கு மட்டும் சொந்த வடிவம் இருக்காது. மற்றவை இடம்பிடித்த பிறகு, மிச்சமிருந்த சந்துகளில் கடைசியாக உறைந்தது அது.

கறுப்புக் கல்லுக்கு நுண்ணோக்கி வேண்டும். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் கல் ஒளியை உள்ளே விடும். குச்சி குச்சியான பெல்ஸ்பார்களைப் பெரிய பைராக்சீன் ஒன்று அப்படியே அணைத்து வளர்ந்திருப்பது தெரியும். முப்பது வருடம் பாடம் எடுத்த பிறகும் அதைப் பார்த்தால் எனக்கு எழுந்திருக்க மனம் வராது. உங்கள் ஊர்ப்பக்கம் நிலவியல் துறை உள்ள கல்லூரி இருந்தால், ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள்.