கணினி கேள்வி-பதில்: விடை எந்த விண்டோவில் வர வேண்டும்?

கேள்வி: இமாக்ஸ் எடிட்டரில் திரையைப் பிரித்து இடப்பக்கம் நிரலும் வலப்பக்கம் அதன் சோதனைக் கோப்பும் வைத்து வேலை செய்கிறேன். உதவி கேட்டாலும் கிரெப் கட்டளை போட்டுக் கோப்புகளில் தேடினாலும் விடை வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் புது விண்டோ (திரைப் பிரிவு) திறக்கச் செய்ய முடியாதா?
– கோவை வாசகர்

பதில்: முடியும், செய்யாதீர்கள். நான்கு கட்டளை போட்ட பிறகு ஒவ்வொரு விண்டோவிலும் ஏழெட்டு வரிதான் மிஞ்சும். அப்புறம் அவற்றை மூடுவதே ஒரு வேலையாகிவிடும்.

உதவிப் பக்கம் ஏற்கெனவே ஏதாவதொரு விண்டோவில் இருந்தால் இமாக்ஸ் அதையே பயன்படுத்தும். இல்லாவிட்டால் பிரிக்க இடம் தேடும். மேல்-கீழாகப் பிரிக்க 80 வரி, பக்கவாட்டில் பிரிக்க 160 எழுத்து அகலம் வேண்டும் என்பது அதன் இயல்பான கணக்கு. மடிக்கணினித் திரையை நீங்களே பாதியாக்கிவிட்டீர்கள், அவ்வளவு இடத்துக்கு அது எங்கே போகும்? ஆகவே நீங்கள் தட்டச்சு செய்யாத பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது என்று நினைப்பதுதான் எனக்குப் பிடிக்காத இடம். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதும் வேலைதானே! அந்த விண்டோவுக்குப் போய் 'க்யூ' விசையைத் தட்டினால் சோதனைக் கோப்பு திரும்பும் என்பது உண்மை. தினமும் அதையா செய்துகொண்டிருப்பது?

வந்தவரைத் திண்ணையில் உட்கார வைப்பதுபோல, விடைகளுக்கென்று ஓரிடம் ஒதுக்குங்கள். 2012-இல் வந்த 24.1 பதிப்பிலிருந்தே எந்த விடை எங்கே வர வேண்டும் என்று சொல்ல 'டிஸ்ப்ளே-பஃபர்-ஆலிஸ்ட்' என்ற அமைப்பு இருக்கிறது. (பஃபர் என்பது இமாக்ஸ் உரையை வைத்திருக்கும் இடம், விண்டோ அதைக் காட்டும் திரைப் பகுதி.) உதவி, கிரெப், கம்பைல் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது) மூன்றின் பஃபர் பெயர்களையும் அதில் ஒரே விதியாக எழுதி, 'டிஸ்ப்ளே-பஃபர்-இன்-சைடு-விண்டோ' செயல்பாட்டைக் கொடுங்கள். பக்கம்: கீழே. உயரம்: திரையில் 0.3 பங்கு. ஸ்லாட் எண் (அந்தப் பக்கத்தில் எந்த இடம் என்பது) மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வேறு வேறு எண் கொடுத்தால் அடிப்பகுதியும் துண்டு துண்டாகும். இனி எந்த விடை வந்தாலும் அந்தக் கீழ்ப்பட்டையில்தான் வரும், மேலே இருப்பவை நகராது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோவை மறுபடி பயன்படுத்துவது வேறு, பழைய விடையை அழிப்பது வேறு. கிரெப்பை மறுபடி ஓட்டினால் முந்தைய பட்டியல் போய்விடும். அது வேண்டுமென்றால் முன்கூட்டியே அந்த பஃபரில் 'ரீநேம்-யுனீக்லி' கட்டளை கொடுத்துப் பெயரை மாற்றிவிட வேண்டும். யாருக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வரும்? இந்த விஷயத்தில் விம் எடிட்டரின் ஏற்பாடே மேல் என்பேன். பிழைகளையும் தேடல் விடைகளையும் பட்டியலிடும் அதன் குவிக்ஃபிக்ஸ் விண்டோ ஒன்றுதான், ஆனால் பின்னால் பத்துப் பட்டியல்கள் வரை நினைவில் இருக்கும். 'கோல்டர்' கட்டளை கொடுத்தால் பழையது, 'சிநியூவர்' கொடுத்தால் புதியது. இமாக்ஸ்காரர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: இரண்டு புராஜெக்ட்களை மாறி மாறி கம்பைல் செய்கிறேன். ஒன்றின் பிழைப் பட்டியலை மற்றது விழுங்கிவிடுகிறது. என்ன வழி?
– மதுரை வாசகி

பதில்: இங்கே ஒரே பஃபர் போதாது. நிரலாளர் ராப் பைக்கின் ஆக்மி எடிட்டர் இதை முன்பே யோசித்திருந்தது: ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனி 'எரர்ஸ்' விண்டோ. இமாக்ஸ் 28 முதல் 'புராஜெக்ட்-கம்பைலேஷன்-பஃபர்-நேம்-ஃபங்ஷன்' என்ற மாறிக்கு 'புராஜெக்ட்-பிரிஃபிக்ஸ்டு-பஃபர்-நேம்' என்று மதிப்புக் கொடுத்தால், பஃபர் பெயரோடு புராஜெக்ட் பெயரும் சேரும். 'புராஜெக்ட்-கம்பைல்' கட்டளையால் ஓட்டுங்கள். வெறும் 'கம்பைல்' இந்த அமைப்பைக் கண்டுகொள்ளாது.