அரிப்பு நின்றது, பரு வந்தது

கேள்வி: எங்கள் ஐந்து வயது லாப்ரடாருக்கு ஒவ்வாமை அரிப்பு. அப்போகுவல் மாத்திரை கொடுத்த இரண்டே நாளில் சொறிவது நின்றது. மூன்று வாரமாக தினம் இரு வேளை கொடுக்கிறோம். இப்போது வயிற்றில் சிவப்புப் பருக்கள். மிச்சமிருக்கும் பிரெட்னிசோலோனையும் சேர்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இரண்டுமே நோய் எதிர்ப்பைத் தணிப்பவை. பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. அதன் கூத்தை என் வீட்டு நாயிடமே பார்த்தேன்: ராத்திரி நிரப்பிய தண்ணீர்க் கிண்ணம் விடிவதற்குள் காலி, கூடத்தில் மூன்று இடத்தில் சிறுநீர்.

அப்போகுவல் அரிப்புச் சமிக்ஞையையும் அடக்கிவிடும். அந்த மறைவில் பாக்டீரியாவோ டெமோடெக்ஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத தோல் சிற்றுண்ணியோ தலைதூக்கலாம். நாய் சொறியாததால் நமக்கும் தெரியாது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டு வெளிப்படும். அதுவரை மாத்திரையைத் தொடர்வதா என்பதை இன்றே மருத்துவரிடம் போனில் கேளுங்கள்.

இரு வேளைக் கணக்கு அதிகபட்சம் 14 நாள்தான். பிறகு ஒரு வேளை. இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலும்! 12 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இது கூடாது. வாந்தி, பேதி சில நாய்களுக்கு வரும். குளிப்பாட்டும்போது உடம்பைத் தடவிப் பாருங்கள். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் உடனே காட்டுங்கள்.