கட்டியங்காரனைத் துரத்தியது யார்?

கேள்வி: ஹாலிவுட்டில் ட்ரெய்லர்களுக்கு மட்டுமே குரல் கொடுத்து டான் லாஃபான்டெய்ன் என்பவர் பெரும்புகழ் பெற்றாராமே? தமிழ் சினிமா ஏன் அப்படி ஒருவரை உருவாக்கவில்லை? என் மகனுக்கு நல்ல கம்பீரமான குரல். இந்தத் துறையில் எதிர்காலம் உண்டா?
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ‘குரல் கொடுத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் குரல் கொடுப்பவர்களுக்கா பஞ்சம்? விவசாயிக்குக் குரல் கொடுப்பார்கள், மீனவருக்குக் குரல் கொடுப்பார்கள், தேர்தல் முடிந்ததும் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பு என்றால் மொத்தமாகவே கொடுத்துவிடுவார்கள், எதற்கென்று கேட்கக்கூடாது. அந்த வகையில் லாஃபான்டெய்ன் யோக்கியர். நாலு வரி பேசினார், காசை வாங்கினார், அடுத்த ஸ்டூடியோவுக்குப் போனார். யாரையும் காப்பாற்றப் போவதாகச் சொல்லவில்லை.

1940இல் மினசோட்டா மாநிலத்து டுலூத்தில் பிறந்த மனிதர். 13 வயதில், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே குரல் உடைந்து கட்டைக்குரலாகிவிட்டதாம். ஆனாலும் அதை வைத்துப் பிழைக்கலாம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. ராணுவத்தில் ஒலிப்பதிவு வேலை, வெளியே வந்தபின் நியூயார்க்கில் படங்களுக்கு ரேடியோ விளம்பரம் தயாரிக்கும் வேலை. 1964இல் ஒரு கௌபாய் படத்துக்குப் பேச வேண்டியவர் வரவில்லை. கெடு நெருங்குகிறதே என்று இவரே பேசி அனுப்பினார். படக் கம்பெனிக்கு அது பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான், 5,000 ட்ரெய்லர்களுக்கு மேல் பேசி முடித்துத்தான் 2008இல் கண்ணை மூடினார். ஒரே நாளில் 35 விளம்பரம் வரை பேசியிருக்கிறார். ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஓடுவதற்கு டிரைவர் வைத்த நீளக் கார். பிறகு வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம். ஊருக்கெல்லாம் தெரிந்த குரலுக்கு முகம் எது என்று பெரும்பாலோர் பார்த்தது 2006இல், ஒரு இன்சூரன்ஸ் விளம்பரத்தில்.

‘இன் எ வேர்ல்ட்...’ என்று ஆரம்பிப்பதுதான் அவருடைய முத்திரை. ஒரு உலகத்திலே, இன்னது நடக்கிற காலத்திலே, ஒரு மனிதன்... இப்படிப் போகும். ஏன் எப்போதும் உலகத்திலிருந்தே தொடங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, சட்டென்று ரசிகனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாமா என்று விளக்கம் சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்கு ஹாலிவுட் ஞாபகம் வரவில்லை, நம் பக்கத்துத் தெருக்கூத்துதான் வந்தது. கடலூர், விழுப்புரம், புதுவைக் கிராமங்களில் இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். பின்னால் துரியோதனன் தயாராக நிற்பான். முன்னால் கட்டியங்காரன். இது இன்ன நாடு, இன்ன சபை, வரப்போவது இன்ன மகாராஜா என்று சொல்வது அவன் வேலை. லாஃபான்டெய்ன் செய்ததும் இதுதான். கட்டியங்காரனுக்கு நீளக் கார் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கட்டியங்காரனிடம் இன்னொன்று உண்டு. ‘வந்தேனே’ என்று ராஜா கிரீடத்தை ஆட்டிக்கொண்டு வருகிறாரே, அவரையே நிறுத்தி, ‘ஐயா யாரு, எந்த ஊரு, இந்த ராத்திரியில எதுக்கு இவ்வளவு சத்தம்?’ என்று கேட்பான். புகழவும் அவன்தான், வாரவும் அவன்தான். தமிழ் நாடகத்தின் தந்தை என்கிறார்களே, அந்தச் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார், கருவடிக்குப்பத்தில் நினைவிடம் இருக்கிறது. வருஷா வருஷம் மாலை போடப் போகிற சினிமாக்காரர்கள் திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கூத்தைப் பார்த்துவிட்டுப் போனால் தேவலை.

இன்றைய தமிழ் ட்ரெய்லரைப் பாருங்கள். கட்டியங்காரனைக் காணோம். ஹீரோவே வந்து, ‘நான் யார் தெரியுமா’ என்று கேட்கிறார். தெரிந்துதானே ஐயா 190 ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்? ‘அவன் வந்தா என்ன ஆகும் தெரியுமா’ என்று வில்லனின் அடியாள் நடுங்குகிறார். சம்பளம் வில்லனிடம், பிரசாரம் ஹீரோவுக்கு. படத்தோடு சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் சொன்னால்தான் புகழ்ச்சிக்கு மரியாதை. தன் வாயாலேயே சொல்லிக்கொண்டால் அது தம்பட்டம். அந்த மூன்றாவது ஆளைத் துரத்திவிட்டு அவன் இடத்தில் டமார், டுமீர் என்று சத்தத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். இதில் ட்ரெய்லர் வரும் தேதியைச் சொல்ல ஒரு போஸ்டர், அந்த போஸ்டர் வரும் நேரத்தைச் சொல்ல இன்னொரு போஸ்டர். சீர்வரிசை நாலு தெரு போகிறது, கல்யாணப் பெண்ணைத்தான் காணவில்லை.

‘தமிழ் சினிமா உருவாக்கவில்லை’ என்கிறீர்கள். சினிமா உருவாக்கவில்லைதான், தெரு உருவாக்கியது. முன்பெல்லாம் கடலூரில் படம் மாறும் வெள்ளிக்கிழமைகளில் ஆட்டோ வரும். கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, பின்சீட்டில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும், மைக்கின் வாயில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு ஒருவர். கைக்குட்டை எதற்கென்றால், ‘ப’ வரும்போதெல்லாம் குழாய் வெடிக்காமலிருக்க. ஒரு கையில் மைக், மறு கையால் ரோஸ் கலர் பிட் நோட்டீஸை வீசிக்கொண்டே போவார். மஞ்சக்குப்பத்தில் ஆஸ்பத்திரி நெருங்கியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, தாண்டியபின் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். ‘உங்கள் அபிமான’ இந்தப் பக்கம், ‘நட்சத்திரம்’ அந்தப் பக்கம். நடுவில் இருந்த நோயாளிகள் எந்த நட்சத்திரம் என்று தெரியாமலே வீடு திரும்பியிருப்பார்கள்.

அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திறங்கும், கூட்டம் அலை மோதும். காணாமல் போகிற பிள்ளைகளை அறிவிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருஷம் முழுக்கப் படத்துக்குப் பேசிய வாய். ‘சிவப்புச் சட்டை, நீல நிக்கர், நாலு வயதுச் சிறுவன்! இன்று காலை முதல்!’ என்று கணீரென்று ஆரம்பித்து, பழக்க தோஷத்தில், ‘காணத் தவறாதீர்கள்!’ என்று முடித்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பையன் கிடைத்தான், ஒரு சுண்டல்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் பையன் வந்து சேர்ந்த பிறகும் அவனைப் பார்க்க மேடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்களே, அதுதான் குரலின் வலிமை. அப்புறம் தேர்தல் வந்தது. ஒரு கட்சி அவரை அமர்த்திக்கொண்டது. வேட்பாளரைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்து, ‘கடைசி மூன்று நாட்கள்’ என்று வாய் தவறிச் சொன்னதில் பாக்கிச் சம்பளம் வரவில்லை. வேட்பாளர் தோற்றதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

வானொலியிலும் இருந்தார்கள். நம் கரையோரத்தில் இலங்கை வானொலி சென்னையைவிடத் தெளிவாகக் கேட்ட காலம் அது. அதன் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிற வேகத்திலேயே நாம் சட்டையை மாட்டிக்கொண்டு தியேட்டருக்குக் கிளம்பிவிடுவோம். ‘இலங்கை வானொலியை எடுத்தால் விடமாட்டீரே’ என்று திருவந்திபுரத்து வாசகர் ஒருவர் வழக்கம்போல் கடிதம் போடுவார். போடட்டும். அவர் விவித் பாரதி கட்சி, இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

இப்போது தியேட்டரில் மிஞ்சியிருக்கும் ஒரே மூன்றாவது ஆள் யார் தெரியுமா? படத்துக்கு முன்னால் புகையிலையால் வரும் கேட்டைச் சொல்கிறாரே, அவர். வார்த்தைக்கு வார்த்தை குழந்தைகள்கூடச் சேர்ந்து சொல்கின்றன. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இவ்வளவு பேர் மனப்பாடமாக வைத்திருக்கும் வசனம் எந்த ஹீரோவுக்கும் கிடையாது. அவர் பெயரை ஒரு தியேட்டரிலும் யாரும் கேட்டதில்லை.

சரி, உங்கள் மகன். குரல் கம்பீரமாக இருப்பது இரண்டாம் பட்சம். பிழைப்பு சென்னையில்தான், டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும், ட்ரெய்லரை மட்டும் நம்பினால் சோறு கிடைக்காது. விளம்பரம், டப்பிங் சீரியல், ஆவணப்படம் எல்லாம் பேசத் தெரிய வேண்டும். போதாததற்குக் கணினியே இப்போது பேச ஆரம்பித்துவிட்டது. அதையும் மீறி வருவேன் என்றால், ‘கடலூர் பழைய நகர் கிழக்கு வாழைத்தோப்பில் வழுக்கி விழுந்த கிழவர்’ என்று மூச்சு விடாமல் பத்து முறை சொல்லச் சொல்லுங்கள். ழகரம் ஒரு இடத்தில் சறுக்கினாலும் வேறு வேலை பார்க்கட்டும், அரசியல் இருக்கவே இருக்கிறது.