விளையாட்டு மூலமா பசங்களுக்கு ஊர்ப் பொறுப்பைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

தாராளமா முடியும்ங்க, ஆனா மேட்ச் முடிஞ்சதும் நிக்க வெச்சு அட்வைஸ் பண்ணா ஒண்ணும் ஏறாது, நல்லது செஞ்சா அது பாயிண்ட்ஸ் டேபிள்லயே தெரியணும். கென்யாவுல நைரோபி நகரத்துக்குள்ளயே மத்தாரேன்னு பெரிய குடிசைப் பகுதி, அங்க 1987ல பாப் மன்றோங்கிற கனடாக்காரர் ஆரம்பிச்ச மத்தாரே யூத் ஸ்போர்ட்ஸ் அசோசியேஷன் இதைத்தான் செஞ்சுது. ஃபுட்பால் லீக்ல இருக்கற டீம் கோல் அடிச்சா மட்டும் பத்தாது, மண்வெட்டியும் தள்ளுவண்டியுமா தெருவுல எறங்கி குப்பை அள்ளணும், அடைச்சுக் கெடக்கற சாக்கடையைத் தூர் வாரணும், அதுக்கும் லீக் பாயிண்ட் உண்டு, வரலன்னா டேபிள்ல பின்தங்கிடுவாங்க. பசங்களே கமிட்டிக்கு ஆள தேர்ந்தெடுத்து லீக்க நடத்துறாங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, ஓட்டுப் போடறதும் பதில் சொல்றதும் சின்ன வயசுலயே பழகிடுது. நல்லா சேவை செய்யற பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸுக்கு உதவியும் கெடைக்கும். இதனால ஆட்டம் ஒண்ணும் கெட்டுப்போகல, அங்கேர்ந்து வந்த மத்தாரே யுனைடெட் 2008ல கென்ய பிரீமியர் லீக் சாம்பியன்.

நீங்க பசங்களுக்கு கோச்சிங் குடுக்கறீங்கன்னா ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, லேட்டா வந்தவன கிரவுண்ட கூட்டச் சொல்லாதீங்க, அப்புறம் அந்த வேலை தண்டனைன்னே மனசுல பதிஞ்சுடும்.